கயிற்றின் முன்னால் நடந்தவர்

எங்கள் கல்லூரியில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தோம். அதில் பாதிப் பேர் ஆசிரியர் வேலைக்குப் படித்தார்கள், கால்வாசிப் பேர் நர்சு வேலைக்கு. 1978இல் கடைசி ஆண்டில் ஹிஸ்டரியை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், மார்லிஸ் ட்வெட். இன்னொருவன் டுவேன் கோல்பி. எங்கள் துறைக்கு ஒரு அறை, ஒரு தட்டச்சு இயந்திரம், முழுநேரப் பேராசிரியர் ஒருவர். அவர் பெயர் இர்மா ஸ்டாக்கர். வகுப்புக்கு நாங்கள் இருவர் மட்டும் என்பதால் படிக்காமல் வந்துவிட்டு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. டுவேன் பதில் சொல்லவில்லை என்றால் அடுத்தது நான்தான்.

மினசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில் எங்கள் அப்பா பன்றிப் பண்ணை வைத்திருந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கொட்டகையில் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஹிஸ்டரி படிச்சிட்டு என்னதான்டி பண்ணப்போற? பன்னிங்களுக்கு அதுங்களோட பரம்பரைக் கதை சொல்லுவியா?"

"பன்னிங்க கேக்கும்ப்பா. நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க."

அப்பா சிரித்துவிட்டு வாளியை என் கையில் கொடுத்தார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் என் படிப்பைப் பற்றிச் சந்தேகம் இருந்ததே இல்லை. எனக்கு இது வரும் என்று தெரிந்திருந்தது. சிலருக்குக் கைபட்டால் மாவு பொங்கும், அதுபோல எனக்குப் பழைய காகிதம்.

எங்கள் ஸ்டோர்ஹைம் கல்லூரியில் ஜனவரி பன்னிரண்டாம் தேதி கயிற்று நாள். 1888இல் அதே நாளில் அடித்த பனிப்புயலில், அப்போது சிறுவர் பள்ளியாக இருந்த எங்கள் கல்லூரியை நிறுவிய போதகர் பிரெக்கி பத்தொன்பது மாணவர்களை ஒரே கயிற்றில் கட்டி, கண் தெரியாத வெள்ளைக்குள் தம் வீட்டுக்கு நடத்திச் சென்று காப்பாற்றினார் என்பது கதை. வாசலில் பித்தளைத் தகடு இருக்கிறது. சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஓவியமும் இருக்கிறது: தாடி வைத்த போதகர் முன்னால், கயிறு தோளில், பிள்ளைகள் பின்னால். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பழைய கட்டடத்திலிருந்து போதகர் வீடுவரை நடப்போம். கல்லூரித் தலைவர் முன்னால் போவார். முடிவில் சூடாக கோகோ கிடைக்கும்.

அந்த ஆண்டு நானும் டுவேனும் வாலில் மாட்டிக்கொண்டோம். மூக்குமுடி உறைகிற குளிர். டுவேன் பற்கள் தந்தியடிக்கச் சொன்னான்: "முன்னாடி போறவருக்குப் பித்தளையில பேர் அடிச்சிட்டாங்க. நம்மள மாதிரி கடைசில நின்னு சாகறவன் யாருன்னு எவனாவது எழுதி வச்சிருக்கானா?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது. பத்தொன்பது பேரைக் கயிற்றில் கட்டினால் வாலில் ஒரு பெரிய ஆள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பிள்ளை விழுந்தால் யாருக்குத் தெரியும்? அது யார்?

"நடடி, கோகோ ஆறிடும்!" என்று அவன் முதுகில் தள்ளினான்.

மறுநாள் ஸ்டாக்கர் மேடத்திடம் போய் என் ஆய்வேட்டின் தலைப்பை மாற்ற வேண்டும் என்றேன். அவர் சிகரெட்டை அணைத்தார். "மூணு மாசம்தான் இருக்கு. போன வருஷமே தலைப்பு குடுத்தாச்சு. இப்ப வந்து கயிறுங்கற?"

"ஆமா மேடம். அந்தக் கதையை முதல்ல சொன்னது யாரு, எப்பன்னு எங்கேயுமே இல்ல. தேடிப் பாத்துட்டேன்."

"ஒரு நாள்லயா?"

"ஒரு மத்தியானத்துல. அவ்வளவு கொஞ்சமாத்தான் இருக்கு."

அவர் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி முதல் வாரம் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. 1888 ஜனவரி பத்து முதல் பதின்மூன்று வரை அறுபது மைல் தள்ளி ஒரு ஊரில் போதகர்களின் மாநாடு நடந்திருக்கிறது. அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பில் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஏழாவது பெயர் பிரெக்கி. புயலடித்த அன்று அவர் ஊரிலேயே இல்லை!

அதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில், மாணவர் பத்திரிகை நடத்திய பெண் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது: "போதகர் அங்கே இல்லை – ஹிஸ்டரி மாணவி கண்டுபிடிப்பு."

திங்கட்கிழமை விடுதியின் முன்னறையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பனிக்காலணியைக் கழற்றாமல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. போதகரின் பேரன் லோவெல் பிரெக்கி. கல்லூரி நிர்வாகக் குழுவில் இருப்பவர், ஊரில் டிராக்டர் விற்பவர்.

"நீதானா அந்தப் பொண்ணு?"

"ஆமா சார். மார்லிஸ் ட்வெட்."

"செல்மர் ட்வெட் பொண்ணா? உங்கப்பாவுக்கு டிராக்டர் வித்ததே நான்தான்."

"தெரியும் சார். குளிர் வந்தா அது ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா பொய்யருன்னு சொல்ற. அப்படித்தானே?"

"அவரு அன்னைக்கு அங்க இல்லன்னு சொல்றேன். அச்சுல இருக்கு."

"அச்சுல இருக்கறதெல்லாம் நெசமா?" என்றார். "ஏப்ரல்ல ஆய்வேட்ட எல்லார் முன்னாடியும் படிப்பீங்களாமே. முதல் வரிசையில வந்து உக்காருவேன். பாத்துக்கலாம்."

"வாங்க சார். காபி உண்டு."

அவர் போன பிறகும் எனக்குப் பயம் இல்லை. கையில் ஆதாரம் இருக்கிறது என்ற தெம்பு. இரண்டு வாரம் அந்தத் தெம்பிலேயே நடந்தேன்.

டுவேனின் ஆய்வு முதல் உலகப்போரில் ஜெர்மன் மொழிப் பள்ளிகளை மூடியது பற்றியது. அவன் வேறு எதற்கோ பழைய மரண அறிவிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலை நூலகத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

"உன் பட்டியல்ல ஹாகன்னு ஒரு போதகர் இருக்காரா?"

"பதினொண்ணாவது ஆளு. ஏன்?"

"அவரு மாநாட்டுக்கு வந்திருக்க முடியாது மார்லிஸ்."

"ஏன், அவரும் புயல்ல மாட்டினாரா?"

"டிசம்பர் இருபதாம் தேதியே செத்துட்டாரு."

அவன் நகலை என் முன்னால் தள்ளினான். நான் மூன்று முறை படித்தேன். செத்தவர் மூன்று வாரம் கழித்து மாநாட்டுக்கு வர மாட்டார். அப்படியானால் அது வந்தவர்களின் பட்டியல் இல்லை, அழைக்கப்பட்டவர்களின் பட்டியல். என் கண்டுபிடிப்பு முழுவதும் அந்த ஒரு தாளில் நின்றுகொண்டிருந்தது.

"சொல்லாம விட்டிருக்கலாம்" என்றான் டுவேன். "அப்புறம் யோசிச்சேன். ஏப்ரல்ல அந்த பிரெக்கி இதக் கண்டுபிடிச்சு எந்திரிச்சா உன் கதி என்ன?"

"நீ சொன்னதுதான்டா சரி" என்றேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது, என்மேலேயே. ஒரு மத்தியானத்தில் தேடி முடித்தேன் என்று பெருமை பேசிய வாய்.

நேராக ஸ்டாக்கர் மேடத்தின் அறைக்குப் போனேன். "மேடம், நான் தப்பு பண்ணிட்டேன்." விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டு, "சரி. பேப்பர்ல வந்ததுக்கு என்ன பண்ணப்போற?" என்றார்.

"மறுப்பு எழுதி இன்னைக்கே குடுத்துடறேன்."

"தலைப்ப மாத்தணுமா?"

"இல்ல. கேள்வி சரிதான் மேடம். பதில்தான் தப்பு."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். நூலகத்தின் கீழ்த்தளத்தில் கொதிகலனுக்குப் பக்கத்து அறை. "அங்க பழைய ஆண்டறிக்கை பெட்டி பெட்டியா இருக்கு. எல்லாம் நார்வே பாஷை. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா பன்றிகளைத் திட்டுவது அந்த மொழியில்தான். கல்லூரியில் இரண்டு ஆண்டு பாடமாகவும் படித்திருந்தேன்.

மறுப்பு வெளியான அன்று சாப்பாட்டுக் கூடத்தில் என்னை வைத்து ஒரே கூத்து. கூடைப்பந்து விளையாடும் ஒருவன் சூப்புக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "இதுல உப்பு இருக்கா இல்லையா? மார்லிஸ் சொல்லட்டும், அடுத்த வாரம் மாத்திச் சொல்லுவா!" என்றான். கூடமே சிரித்தது. "உப்பு இருக்கு, உனக்குத்தான் சொரணை இல்ல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை அந்தக் கொதிகலன் அறையில் உட்கார்ந்தேன். கல்லூரி தொடங்கி முதல் இருபத்தைந்து ஆண்டுகள் போதகர் பிரெக்கி தம் கையாலேயே ஆண்டறிக்கை எழுதியிருக்கிறார். சாய்ந்த, நெருக்கமான, பழைய கையெழுத்து. முதல் நாள் அரைப் பக்கம்தான் படிக்க முடிந்தது. நான்காம் நாள் அவருடைய 'k' எது, 'h' எது என்று பிடிபட்டுவிட்டது. ஆறாம் நாள் 1888 ஜூன் அறிக்கை. விறகு, கூரை ஒழுகல், பைபிள் வகுப்பு, இரண்டு பேருக்குக் காய்ச்சல். பிறகு இது:

"ஜனவரி பன்னிரண்டில் நான் என் வீட்டில் இருந்தேன். பள்ளி மணி அடித்ததைக் கேட்டேன். காற்று ஆட்டுகிறது என்று நினைத்தேன். கதவைத் திறக்கவில்லை. கடவுள் என்னை மன்னிப்பாராக. சமையல்காரி கூன்ஹில்ட் ஸ்லெட்டன் பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி என் வாசலுக்குக் கொண்டுவந்தாள். கடைசியில் வந்தவன் அவளுடைய தம்பி. அவன் வலக்கையில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பள்ளியின் பெயர்ப் பதிவில் அவர்கள் இருவரின் பெயரும் இருக்க வேண்டும் என்று குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்."

நான் எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன். தொண்ணூறு ஆண்டுகளாக அந்தக் காகிதம் எங்கள் காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. அவர் ஓடி ஒளியவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. தன் வெட்கத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். படிக்கத்தான் ஆள் இல்லை.

மாடிக்கு ஓடி டுவேனைப் பிடித்தேன். அவன் கேட்டுவிட்டு விசிலடித்தான். உடனே சொன்னான்: "ஒரு காகிதம்தான். போன தடவையும் ஒரு காகிதம்தான்."

"தெரியும்டா. வண்டி இருக்கா?"

அவனுடைய பிக்கப்பில் மாநிலத் தலைநகருக்குப் போனோம். ஹீட்டர் வேலை செய்யாத வண்டி. முட்டை சாண்ட்விச் மடியிலேயே உறைந்தது. மாநில ஆவண நூலகத்தில் அந்தக் கால நார்வேஜிய வாரப் பத்திரிகையின் மைக்ரோஃபிலிம் இருந்தது. எனக்கு மொழி தெரியும், அவனுக்குத் தெரியாது. "ஸ்லெட்டன்" என்ற சொல்லின் வடிவத்தை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தேன். பூ பொறுக்குவதுபோல அதை மட்டும் தேடிக்கொண்டே போனான். மூன்றரை மணிக்கு, "ஏய், இங்க வா" என்றான்.

மார்ச் மாத இதழில் ஒரு தாய் எழுதிய கடிதம். தன் பன்னிரண்டு வயது மகளைக் காப்பாற்றிய கூன்ஹில்டுக்கு நன்றி. துணிக்கொடிக் கயிறு போதவில்லையாம். சமையலறைத் துண்டுகளை முடிந்து முடிந்து நீளமாக்கினாளாம். வீட்டுக்கு வந்த பிறகும் மகள் மணிக்கட்டில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்க விடவில்லை, அதோடேயே தூங்குகிறாள் என்று எழுதியிருந்தார். டுவேனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தேதியையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டான்.

ஏப்ரலில் சிற்றாலயத்தின் கீழ்த்தளக் கூடம். ஹிஸ்டரி ஆய்வேட்டுக்கு வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள், அதில் நாலு பேர் காபிக்கு. அன்று நூறு பேருக்கு மேல். மடக்கு நாற்காலிகள் போதாமல் பாட்டுக் குழுவின் பெஞ்சுகளை இறக்கினார்கள். அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் சுவரோரம் நின்றார்கள். முதல் வரிசை நடுவில் லோவெல் பிரெக்கி.

நான் ஆரம்பித்தேன்: "பிப்ரவரி மாசம் போதகர் பிரெக்கி ஊர்லயே இல்லன்னு சொன்னேன். அது தப்பு. எப்படித் தப்புன்னு முதல்ல சொல்லிடறேன். அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு சொல்றேன்." செத்துப்போன ஹாகன் போதகரைப் பற்றிச் சொன்னதும் கூடம் சிரித்தது. எனக்கு மூச்சு சீரானது. அதற்குப் பிறகு என்னை யாரும் நிறுத்த முடியாது என்று தெரிந்தது.

அறிக்கையை வாசித்தேன், கடிதத்தை வாசித்தேன். பிறகு 1911ஆம் ஆண்டு வந்த முதல் ஆங்கிலக் கையேட்டைக் காட்டினேன். போதகர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது அது. அதற்கு முந்தைய நார்வே மொழிக் கையேட்டில் "போதகரின் வீட்டுக்குப் பிள்ளைகள் கயிற்றில் கொண்டுவரப்பட்டார்கள்" என்றிருந்தது, ஆங்கிலத்தில் "போதகர் பிள்ளைகளைக் கயிற்றில் கொண்டுவந்தார்" என்று ஆகியிருந்தது.

முடித்ததும் லோவெல் பிரெக்கி எழுந்தார்.

"அந்தக் கையேட்ட எழுதினவன் வேணும்னே மாத்தினானா, பாஷை தெரியாம மாத்தினானா?"

"எனக்குத் தெரியாது சார்."

"ஒரு யோசனை இருக்கும்ல?"

"இருக்கு. ஆனா ஆதாரம் இல்ல. ஒரு தடவை அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன்."

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அவர் உட்காரவில்லை. தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எனக்கு எங்க தாத்தா பாஷை வராது. எங்கப்பா சொல்லித் தரல. அந்தக் கதவு வரிய... அவரு எழுதின மாதிரியே ஒரு தடவ படிக்கறியா?"

படித்தேன். "கதவைத் திறக்கவில்லை" என்பது அந்த மொழியில் சின்ன வரி. அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இத எழுதறதுக்கு அந்தப் புயல்ல நடக்கறத விட தைரியம் வேணும்" என்றார் கடைசியில். பிறகு என்னிடம், "அந்தச் சமையல்கார அம்மா அப்புறம் எங்க போனாங்க?"

"தெரியல சார். 1890க்கு அப்புறம் இங்க அவங்க பேரு இல்ல."

"அப்ப உன் வேலை முடியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆய்வேட்டுக்கு முதல் தரம் கிடைத்தது. காபி நேரத்தில் அப்பா ருபார்ப் பை என்ற இனிப்புப் பண்டத் தட்டோடு பிரெக்கியை மடக்கி டிராக்டரைப் பற்றி வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஜெயித்தார் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் ஒரு மெக்கானிக் பண்ணைக்கு வந்து போனான். பித்தளைத் தகட்டைப் பற்றி நிர்வாகக் குழு ஒரு உபகுழு போட்டது. உபகுழு இரண்டு ஆண்டுகள் கூடியது. கடைசியில் பழைய தகட்டைக் கழற்றாமல் கீழே இன்னொரு தகட்டை அடித்தார்கள், அக்காவும் தம்பியும் பெயரோடு. எனக்கு அது பிடித்திருந்தது. தப்பும் இருக்கட்டும், திருத்தமும் இருக்கட்டும்.

அந்த ஆண்டுப் பட்டமளிப்பு முடிந்த மறு திங்கட்கிழமையே கூன்ஹில்டைத் தேடி நானும் டுவேனும் மேற்கே கிளம்பினோம். மூன்று மாவட்ட நீதிமன்றங்களில் திருமணப் பதிவேடுகளைப் புரட்டினோம். நான்காவது, தெற்கு டகோட்டாவில், செம்மண் நிறக் கட்டடம். பதிவறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஊழியர் கனமான புத்தகத்தை மேசையில் போட்டார். 1891, அக்டோபர். கூன்ஹில்ட் ஸ்லெட்டன், வயது இருபத்தேழு. மணமகன் ரயில் நிலையத்தருகே உணவு விடுதி நடத்துபவர். சாட்சிக் கையெழுத்து அவளுடைய தம்பியுடையது. இடக்கையால் எழுதியதுபோலக் கோணலாக இருந்தது. அப்படித் தோன்றியது என்று மட்டும்தான் குறித்துக்கொண்டேன்.

டுவேன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் விரலால் அந்தப் பெயரைத் தொட்டேன், மை அழியாதபடி மெதுவாக.

ஊழியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நகல் வேணும்னா இந்தப் படிவத்த நிரப்பும்மா. நீ அவங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லங்க" என்றேன். "நான் ஹிஸ்டரி மேஜர்."